'என்ன ஆகுமோ' என்பதை 'என்ன செய்யலாம்' ஆக்குவது: கவலைப் பழக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகன் இன்னும் வீடு வந்து சேரவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட் நாளைக்குத்தான் கிடைக்கும். கம்பெனியில் ஆட்குறைப்பு என்று பேச்சு அடிபடுகிறது. இப்படி அன்றாடம் வந்து உட்காரும் கவலைகளைப் பற்றியது இந்தப் பக்கம். இதில் உள்ளவை மனநல சிகிச்சையில் பல ஆண்டுகளாகப் பயன்படும் முறைகள். வீட்டிலேயே செய்து பார்க்கலாம். தேவைப்படுவது ஒரு நோட்டு, ஒரு பேனா, தினமும் அரை மணி நேரம்.

கவலைப்படுவதும் யோசிப்பதும் ஒன்றுதானே?

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் தெரியும். இரண்டிலும் ஆள் ஒரு மூலையில் உட்கார்ந்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்கும் கேள்விதான் வேறு. கவலை 'என்ன ஆகுமோ' என்று கேட்கும். பதில் வருவதற்குள் 'அப்படி ஆயிட்டா அப்புறம் என்ன பண்றது' என்று அடுத்ததற்குத் தாவிவிடும். யோசனை 'எவ்வளவு, எப்போது, யாரிடம்' என்று கேட்டு, பதில் கிடைக்கும் வரை அதே இடத்தில் நிற்கும்.

எது நடக்கிறது என்று சந்தேகம் வந்தால் பத்து நிமிடம் கழித்து நிறுத்துங்கள். காகிதத்தில் எழுதிவைக்கும்படியாக ஒரு தொகையோ, தேதியோ, போன் செய்ய வேண்டிய ஆளின் பெயரோ கிடைத்திருந்தால் அது யோசனை. நெஞ்சில் கனம் மட்டும் கூடியிருந்தால் கவலை.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1980-களிலிருந்து இதை ஆராய்ந்த உளவியலாளர் தாமஸ் போர்கோவெக், கவலை பெரும்பாலும் காட்சிகளாக இல்லாமல் சொற்களாகவே ஓடுகிறது என்று காட்டினார். மனத்துக்குள் ஓடும் அந்தப் பேச்சு பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும். 'எல்லாம் போச்சு', 'மானம் போயிடும்', 'எப்படிச் சமாளிக்கப்போறேனோ' என்ற வரிகளில் எண் எதுவும் இல்லை, நாளும் இல்லை. கீழே வரும் முறைகள் பெரும்பாலும் அந்த மங்கலைப் போக்குவதற்கானவை.

நம் ஊர்ப் பாசனத்திலும் ஒரு 'கவலை' உண்டு. மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் ஏற்பாடு. சில வட்டாரங்களில் கமலை என்பார்கள். மாடுகள் அதே தடத்தில் முன்னே போய்ப் பின்னே வந்துகொண்டிருக்கும், ஆனால் ஒவ்வொரு நடைக்கும் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். மனக்கவலையில் நடை மட்டும்தான் நடக்கிறது.

'கவலைப்படாதே' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டும் ஏன் நிற்பதில்லை?

ஓர் எண்ணத்தை விரட்ட வேண்டுமென்றால், அது வந்துவிட்டதா என்று மனம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பார்வையே அதை அழைத்து வருகிறது. உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவரோடு பணியாற்றியவர்களும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் கரடியை மட்டும் ஐந்து நிமிடம் நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியை அடிக்க வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு 'இப்போது நினைக்கலாம்' என்றதும், தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது.

எனவே 'நினைக்காதே' என்பது மனத்துக்குச் செய்யமுடியாத கட்டளை. 'இப்போது வேண்டாம், ஆறரை மணிக்குப் பார்க்கலாம்' என்பதை மனம் பெருமளவுக்கு ஏற்கும்.

நான் கவலைப்படாவிட்டால் இந்த வீட்டில் வேறு யார் கவலைப்படுவது? அது பொறுப்பில்லாத்தனம் ஆகாதா?

இந்தக் கேள்வியைத் தாண்டாதவர்களுக்கு மற்ற எந்த முறையும் ஒட்டாது. அதிகம் கவலைப்படுகிறவர்களில் பலர் உள்ளுக்குள் கவலையை ஒரு காவலாளியாக நம்புகிறார்கள்: கவலைப்பட்டதால்தான் கெட்டது நடக்கவில்லை, கவலைப்படுவதே பாசத்துக்கு அடையாளம், முன்கூட்டியே கவலைப்பட்டு வைத்தால் நடக்கும்போது அவ்வளவாக வலிக்காது.

இந்த நம்பிக்கை பலப்படும் விதம் எளிது. நாம் பயப்படுவதில் பெரும்பகுதி எப்படியும் நடக்காது. நடக்காதபோதெல்லாம் அந்தப் பெருமை கவலைக்குப் போய்ச் சேர்கிறது. மகள் பத்திரமாக ஹாஸ்டல் போய்ச் சேர்ந்தது பஸ் ஓட்டுநரால். ஆனால் ராத்திரி முழுக்க விழித்திருந்த அம்மாவுக்கு, தான் விழித்திருந்ததால் என்று தோன்றும்.

சரிபார்க்க ஒரு வழி: கடந்த ஆறு மாதத்தில் உங்கள் வீட்டில் உண்மையிலேயே தீர்ந்த மூன்று பிரச்சினைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றும் எதனால் தீர்ந்தது? ஒரு போன், ஒரு பயணம், ஒரு கையெழுத்து, கொஞ்சம் பணம், அல்லது காலம். அந்தப் பட்டியலில் கவலை எங்கே வருகிறது என்று நீங்களே பாருங்கள். பொறுப்பு என்பது அந்த போனைச் செய்தது. அதைக் கவலையில்லாமலும் செய்யலாம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

முதல் ஏழு நாள் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு சின்ன நோட்டைக் கூடவே வைத்துக்கொண்டு, கவலை வரும்போதெல்லாம் ஒரே வரி எழுதுங்கள்: நேரம், கவலை என்ன, எந்த அளவு (பத்துக்கு எத்தனை), அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். நாளுக்கு ஐந்தாறு வரி போதும். எல்லாவற்றையும் பிடிக்க வேண்டியதில்லை.

எழுதும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். 'உடம்பு', 'பணம்' என்று தலைப்பு மட்டும் எழுதினால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதையே எழுதுங்கள்: 'அம்மாவின் சர்க்கரை அளவு கூடி, காலில் புண் வந்து, காலை எடுக்க வேண்டிவரும்' என்று முழுதாக. எழுதும்போது கொஞ்சம் கூசும். பரவாயில்லை.

வாரக் கடைசியில் படித்தால் இரண்டு விஷயம் தெரியவரும். ஐம்பது வரிகள் இருந்தாலும் உண்மையான கவலைகள் ஐந்தோ ஏழோதான். அவையே வேறு வேறு உடுப்பில் வந்திருக்கும். இன்னொன்று, நேரம். பலருக்கு இரவு பத்து மணிக்குப் பிறகும், காலையில் கண் விழித்ததும், செய்தியையோ வாட்ஸ்அப் குழுவையோ பார்த்த பிறகும் வரிகள் குவிந்திருக்கும்.

எழுதிய கவலைகளை எப்படிப் பிரிப்பது?

இரண்டு வகை. ஒன்று, இப்போதே இருக்கிற பிரச்சினை: வாடகை பாக்கி, ஒழுகும் கூரை, பேசாமல் இருக்கும் தம்பி. இன்னொன்று, நடக்கலாம் என்ற கற்பனை: விபத்து நேர்ந்தால், வேலை போனால், கட்டி புற்றுநோயாக இருந்தால். கனடாவின் உளவியலாளர் மிஷெல் டுகா இந்தப் பிரிவினையை வைத்தே தன் சிகிச்சை முறையை அமைத்தார். முதல் வகைக்குப் பிரச்சினை தீர்க்கும் முறை. இரண்டாம் வகைக்கு, நிச்சயமின்மையோடு இருக்கப் பழகுவது. மருந்து மாறினால் வேலை செய்யாது. விபத்தைப் பற்றிய கற்பனைக்குத் தீர்வு தேடினால் அது முடியவே முடியாது. வாடகை பாக்கிக்கு மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தால் வீட்டுக்காரர் வந்து நிற்பார்.

பிரிப்பதற்கு ஒரு கேள்வி போதும்: 'இதற்காக அடுத்த ஒரு வாரத்துக்குள் நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?'

ஆனால் பெரும்பாலான கவலைகள் கலப்படம். 'வேலை போயிட்டா?' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் செய்யக்கூடிய பருப்பு கொஞ்சம் உண்டு: பயோடேட்டாவைப் புதுப்பிப்பது, வீட்டின் மாதச் செலவைக் கூட்டிப் பார்த்து எத்தனை மாதத்துக்குக் கையிருப்பு தாங்கும் என்று தெரிந்துகொள்வது, பழைய சகாக்கள் இரண்டு பேரிடம் பேசுவது. இதெல்லாம் மொத்தம் மூன்று மணி நேர வேலை. அதைச் செய்து முடித்த பிறகு மீந்திருப்பது வெறும் தோல். அதற்கு மேலும் அதை மென்றுகொண்டிருப்பதில் ஒன்றும் வராது.

'கவலை நேரம்' என்கிறார்களே, அது என்ன? எப்படிச் செய்வது?

நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கும் கவலையை ஒரே இடத்துக்கும் ஒரே நேரத்துக்கும் கொண்டுவருவது. போர்கோவெக்கின் குழு 1983-இல் இதை ஆய்வாகச் செய்து பார்த்தது: தினமும் அரை மணி நேரம், ஒரே நேரம், ஒரே இடம். மனம் இடங்களோடு பழக்கங்களை முடிச்சுப் போடுகிறது. படுக்கையில் கவலைப்பட்டால் படுக்கையே கவலையைக் கிளப்பும். சமையல் மேடையில் பட்டால் சமையல் மேடை.

செய்முறை இது.

நேரத்தைக் குறியுங்கள். மாலை ஐந்தரைக்கும் ஏழரைக்கும் நடுவே நல்லது. இரவு ஒன்பதுக்குப் பிறகு வேண்டாம், தூக்கத்தைக் கெடுக்கும். இருபது முதல் முப்பது நிமிடம். போனில் அலாரம் வையுங்கள், தொடங்க ஒன்று, முடிக்க ஒன்று.

இடம்: நீங்கள் வழக்கமாக உட்காராத ஒரு நாற்காலி. மாடிப்படி ஆனாலும் சரி. கட்டிலும் பூஜை அறையும் சாப்பிடும் இடமும் கூடாது.

பகலில் கவலை வந்தால் நோட்டில் ஒரு வரி எழுதி, 'ஆறரைக்கு' என்று சொல்லிக்கொண்டு, கையிலிருக்கும் வேலையில் அடுத்த சின்ன அசைவைச் செய்யுங்கள். அடுத்த வெங்காயத்தை உரிப்பது, அடுத்த மின்னஞ்சலைத் திறப்பது. அரை நிமிடத்தில் கவலை திரும்ப வரும். மறுபடியும் 'ஆறரைக்கு'. முதல் நாள் இது நாற்பது தடவைகூட நடக்கலாம். அது முறை தோற்றதாக அர்த்தமில்லை, பயிற்சியே அந்தத் திரும்பத் தள்ளிவைப்பதுதான்.

நேரம் வந்ததும் நோட்டைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். சில வரிகள் செத்துப்போயிருக்கும், அடித்துவிடுங்கள். மீதியில் செய்யக்கூடியவற்றை அடுத்த கேள்வியில் சொல்லப்போகும் முறைக்கு அனுப்புங்கள். மற்றவற்றை அங்கேயே, கையில் பேனாவோடு, மனம் போல் கவலைப்பட்டுத் தீருங்கள். முடிவு அலாரம் அடித்ததும் எழுந்து உடம்பை அசைக்கும் வேலை ஒன்றைச் செய்ய வேண்டும்: துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, தெருமுனை வரை நடப்பது. எழுந்ததும் போனை எடுத்தால் அதே கவலை அதன் வழியாகத் திரும்பிவிடும்.

பலர் கைவிடும் இடம், நான்காம் நாள் வாக்கில். அன்று ஆறரைக்கு உட்கார்ந்தால் கவலைப்பட ஒன்றும் தோன்றாது. 'இன்னிக்கு வேணாம்' என்று விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். ஆறரைக்கு நீங்கள் நிச்சயம் வருவீர்கள் என்று மனம் நம்பினால்தான் பகலில் தள்ளிவைக்கச் சம்மதிக்கும். ஒன்றும் இல்லாவிட்டாலும் ஐந்து நிமிடம் நோட்டோடு உட்கார்ந்துவிட்டு எழுங்கள். குறைந்தது மூன்று வாரம்.

செய்யக்கூடிய கவலையை எப்படிச் செயலாக மாற்றுவது? ஓர் உதாரணத்தோடு சொல்லுங்கள்.

மகனின் கல்லூரிக் கட்டணம் 85,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் இருக்கும் வரி: 'பீஸ் கட்ட முடியாம பையன் படிப்பே நின்னுடும்.'

முதலில் இதைப் பிரச்சினையாக மாற்றி எழுத வேண்டும். பயம், பழி, வருத்தம் எதுவும் இல்லாமல், எண்ணும் தேதியும் உள்ள ஒரே வாக்கியம்: 'ஜூலை 15-க்குள் 85,000 வேண்டும், கையில் 40,000 இருக்கிறது, 45,000 குறைகிறது.' பாதிப் படபடப்பு இந்த வரியிலேயே இறங்கும். 'படிப்பே நின்னுடும்' என்பதற்கு வழி தேட முடியாது, 45,000-க்குத் தேடலாம்.

அடுத்து, வழிகள். குறைந்தது ஆறு எழுதுங்கள், மட்டமானவையும் சேர்த்து. நல்லதா கெட்டதா என்று அப்போதே பார்க்கத் தொடங்கினால் இரண்டோடு நின்றுவிடும். கல்லூரியில் தவணை கேட்பது. வங்கியில் நகைக்கடன். கட்டிக்கொண்டிருக்கும் சீட்டைத் தள்ளி எடுப்பது. பி.எஃப். முன்பணம். மச்சானிடம் கைமாற்று. வட்டிக்கு வாங்குவது. வண்டியை விற்பது.

பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என்ன செலவு, எத்தனை நாள் ஆகும் என்று இரண்டே குறிப்பு. நகைக்கடன் ஆண்டுக்கு 9 சதவீதம் என்றால், 45,000-க்கு ஆறு மாத வட்டி 2,025 ரூபாய். அதே தொகையை வெளியே மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கினால் ஆறு மாதத்துக்கு 8,100. மனத்துக்குள் 'கடன் வாங்கணும்' என்று ஒரே இருட்டாக இருந்தது காகிதத்தில் இப்படி இரண்டாகப் பிரிகிறது. மச்சானிடம் வாங்கினால் வட்டி இல்லை, ஆனால் தங்கச்சி காதுக்குப் போகும். அதையும் செலவு என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றைத் தேர்ந்து, முதல் அடியை எழுதுங்கள். அது பதினைந்து நிமிடத்துக்குள் முடிகிற வேலையாக இருக்க வேண்டும். நாளும் நேரமும் இடமும் அதில் இருக்க வேண்டும். 'திங்கள் காலை பத்தரைக்கு ஆபீசிலிருந்து கல்லூரி அலுவலகத்துக்கு போன் செய்து, இரண்டு தவணையாகக் கட்டலாமா என்று கேட்பேன்.' கூடவே ஒரு மாற்று: 'முடியாது என்றால், செவ்வாய் மதியம் ஆதாரும் பான் கார்டும் நகையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போவேன்.' இப்படி 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே கட்டிவைத்த தீர்மானங்கள் வெறும் எண்ணத்தைவிட அதிகமாக நிறைவேறுகின்றன. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் இதையே காட்டின.

கடைசியாக, மறுபடி பார்க்கும் நாள்: 'புதன் ஆறரைக்கு.' அதுவரை இந்தக் கவலைக்கு விடுமுறை.

எங்கே பிசகும்? 'யோசிக்கணும்', 'பார்க்கணும்', 'பேசிப் பார்க்கலாம்' என்பவற்றை அடிகளாக எழுதிவிடுவது முதல் பிசகு. யாரிடம், எப்போது, என்ன கேட்பது என்று இல்லாத வரி கவலையின் மறுபிறவிதான். இரண்டாவது, ஒரு குறையும் இல்லாத வழி கிடைக்கும் வரை காத்திருப்பது. கவலைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஊறிய குணம்: தேர்ந்தெடுத்த பிறகும் 'ஒருவேளை மற்றது நல்லதோ' என்று திரும்பத் திறப்பார்கள். மறுபரிசீலனை நாள் வரை திறக்கக் கூடாது என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றும் செய்ய முடியாத கவலைகளை?

இங்கே வலிப்பது ஆபத்து அல்ல, தெரியாமல் இருப்பது. அதைத் தாங்க முடியாதபோது நிச்சயம் தேடி ஏதாவது செய்கிறோம்: பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பது, அனுப்பிய செய்திக்கு இரண்டு நீல டிக் விழுந்ததா என்று பார்ப்பது, அறிகுறியைக் கூகுளில் தேடுவது, நான்கு பேரிடம் 'ஒண்ணும் ஆகாதுல்ல?' என்று கேட்பது. ஐந்து நிமிடம் நிம்மதி கிடைக்கும். ஆறாம் நிமிடம் இன்னும் கொஞ்சம் நிச்சயம் தேவைப்படும். இதைப் பசியாக நினைக்க வேண்டாம், சொறியாக நினையுங்கள்: சொறியச் சொறிய அரிப்பு கூடும்.

ஆகவே பழக வேண்டியது, சின்னச் சின்ன நிச்சயமின்மைகளை வேண்டுமென்றே விட்டுவைப்பது. எளியதிலிருந்து தொடங்கி வாரத்துக்கு மூன்று. அனுப்பிய மின்னஞ்சலைத் திரும்பப் படிக்காமல் விடுவது. கேள்விப்படாத ஒரு ஓட்டலில் விமர்சனம் பார்க்காமல் சாப்பிடுவது. கதவைப் பூட்டி ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் போவது. இரவுப் பஸ்ஸில் வரும் மகளிடம் 'ஏறினதும் ஒரு மெசேஜ், இறங்கினதும் ஒரு மெசேஜ்' என்று சொல்லிவிட்டு, நடுவில் போன் செய்யாமல் இருப்பது.

ஒவ்வொன்றுக்கும் முன் 'என்ன ஆகும் என்று நினைக்கிறேன்' என்று எழுதுங்கள். பிறகு என்ன ஆனது, ஆனதென்றால் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். இந்தக் கடைசிக் குறிப்பை விட்டுவிடாதீர்கள். சில சமயம் ஓட்டல் சாப்பாடு மோசமாகத்தான் இருக்கும். அப்போதும் வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிட்டுத் தூங்கினீர்கள் அல்லவா, அது நோட்டில் ஏற வேண்டும்.

நல்லதையே நினைத்தால் போதாதா?

போதாது. 'எல்லாம் நல்லபடியா நடக்கும்' என்பதும் 'எல்லாம் போச்சு' என்பதைப் போலவே எண்ணும் தேதியும் இல்லாத வாக்கியம். கவலைக்காரர் மனம் அதை நொடியில் வெட்டிவிடும்: 'எப்படித் தெரியும்?'

நிற்கக்கூடிய மாற்று வாக்கியத்தில் தெரிந்த உண்மையும் செய்யப்போகும் செயலும் இருக்கும். 'அம்மாவுக்கு ஏதோ ஆகப்போகுது' என்பதற்குப் பதில்: 'மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை போன தடவை 8.4, இப்போது 7.9. டாக்டர் சொன்னபடி மாத்திரை எடுக்கிறார். தினமும் இரவு பாதத்தைப் பார்க்கிறேன். அடுத்த செக்கப் 12-ஆம் தேதி.' இதில் நம்பிக்கை ஊட்டும் சொல் எதுவும் இல்லை, ஆனாலும் தாங்கும்.

ராத்திரிதான் பெரிய தொல்லை. படுத்ததும் வருகிறது.

படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம், நாளைக்குச் செய்ய வேண்டியவற்றைக் காகிதத்தில் எழுதுங்கள். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தின் தூக்க ஆய்வகத்தில் 57 இளைஞர்களில் ஒரு பாதியினர் வரும் நாள்களின் வேலைகளையும், மறு பாதியினர் முடித்த வேலைகளையும் எழுதினார்கள். வரப்போகும் வேலைகளை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவு சீக்கிரம். 'பேங்க் வேலை' என்றில்லாமல் 'பாஸ்புக் பதிவு, நாமினி படிவம்' என்று எழுதுங்கள்.

படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடுங்கள். வேறு இடத்தில், மங்கலான வெளிச்சத்தில், சுவாரசியமில்லாத ஏதாவது செய்துவிட்டுக் கண் சொருகும்போது திரும்புங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். 'இன்னும் நாலு மணி நேரந்தான்' என்ற கணக்கு அடுத்த கவலை. காபியில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணி டிகிரி காபியில் பாதி இரவு பத்துக்கும் உடம்பில் இருக்கும். கடைசிக் காபியையும் டீயையும் மதியம் இரண்டோடு நிறுத்திப் பாருங்கள்.

நெஞ்சு படபடக்கும்போது, கை நடுங்கும்போது எழுதுவதெல்லாம் நடக்குமா?

நடக்காது. முதலில் உடம்பைத் தணிக்க வேண்டும். ஒரு கையை வயிற்றில் வைத்து, மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஐந்து நிமிடம். 'நல்லா ஆழமா இழு' என்று சொல்லி வாயால் காற்றை விழுங்குவதுதான் பலர் செய்யும் தவறு. அப்போது தலை கிறுகிறுத்து விரல்நுனி மரத்துப்போகும், பயம் கூடும். ஆழம் முக்கியமில்லை, மெதுவாக விடுவதே முக்கியம்.

தோளும் தாடையும் இறுகிக் கிடப்பவர்களுக்கு எட்மண்ட் ஜேக்கப்சன் 1920-களில் உருவாக்கிய தசைத் தளர்வு உதவும்: கை, தோள், முகம், வயிறு, கால் என்று ஒவ்வொன்றாக ஐந்து விநாடி இறுக்கி, இருபது விநாடி தளர விடுவது.

புதிதாக நெஞ்சுவலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் 'டென்ஷன்தான்' என்று வீட்டில் உட்காராதீர்கள், உடனே மருத்துவமனை. காரணமில்லாத படபடப்போடு எடைக் குறைவும் இருந்தால் தைராய்டு பரிசோதனை செய்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் அப்படியே பதற்றம் போலத்தான் இருக்கும்.

வீட்டில் ஒருவர் எப்போதும் கவலைப்படுகிறார். நாங்கள் என்ன சொல்வது?

'சும்மா கவலைப்படாதீங்கம்மா' என்பது அவரைத் தனியாக விட்டுவிடும். 'ஒண்ணும் ஆகாதும்மா, நான் இருக்கேன்ல' என்று பத்து தடவை சொல்வது இன்னும் சிக்கல், அது சொறிந்துவிடுவது. முதல் தடவை பதில் சொல்லுங்கள். இரண்டாம் தடவை கேட்கும்போது இப்படி: 'அம்மா, உங்களுக்குப் பதைப்பா இருக்குன்னு தெரியுது. இதை அப்பவே பேசிட்டோம். இப்ப நாம ஏதாவது செய்யணுமா, இல்ல சாயந்திரம் நோட்டுல எழுதிப் பார்க்கலாமா?' குரலில் எரிச்சல் இருந்தால் இந்த வாக்கியமே குத்தலாக மாறிவிடும். முன்கூட்டியே, அமைதியான ஒரு நேரத்தில், இனி இப்படித்தான் பதில் சொல்லப்போகிறோம் என்று பேசி வைத்துக்கொள்வது அவசியம். திடீரென்று தொடங்கினால் 'பிள்ளைக்கு என் மேல அக்கறையே போச்சு' என்று புதுக் கவலை முளைக்கும்.

எவ்வளவு நாளில் மாற்றம் தெரியும்?

கவலை நேரத்தைத் தவறாமல் செய்தால் பொதுவாக மூன்று நான்கு வாரத்தில் பகல் இலேசாகும். நிச்சயமின்மையைத் தாங்குவது மெதுவாக வரும். இரண்டு மூன்று மாதம் கொடுங்கள். நடுவில் ஒரு மரணமோ பரீட்சை முடிவோ வந்தால் பழையபடி ஆகும். அப்போது நோட்டைத் திரும்ப எடுத்தால் போதும், ஒன்றாம் பாடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

மாதம் ஒரு முறை பழைய பக்கங்களைத் திருப்பி, பயந்தவற்றில் எவை நடந்தன என்று குறியுங்கள். ஓயாத கவலையே நோயாகிவிடும் பொதுப் பதற்றக் கோளாறு உள்ள 29 பேர் இப்படித் தங்கள் கவலைகளை எழுதிப் பின்தொடர்ந்ததை பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டார்கள்; கணித்தவற்றில் 91.4 சதவீதம் நடக்கவில்லை. சின்ன ஆய்வுதான். உங்கள் நோட்டின் சதவீதம் அதைவிட உங்களுக்கு முக்கியம்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

ஆறு மாதமாகப் பெரும்பாலான நாள்கள் கவலை, அடக்க முடியவில்லை, கூடவே நிலைகொள்ளாமை, சீக்கிரம் சோர்வு, கவனம் நிற்காமை, எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் கோளாறு இவற்றில் குறைந்தது மூன்று இருக்கிறது, வேலையோ குடும்பமோ பாதிக்கப்படுகிறது என்றால் அது சிகிச்சை தேவைப்படும் நோயாக இருக்கலாம். மருத்துவர்கள் ஜி.ஏ.டி-7 என்ற ஏழு கேள்விப் படிவத்தைக் கொடுப்பார்கள். மொத்தம் 21, பத்தும் அதற்கு மேலும் வந்தால் விரிவாகப் பார்ப்பார்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண் 14416. 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, இலவசம், எந்நேரமும், தமிழில் பேசலாம். இலங்கையில் மனநல உதவி எண் 1926. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஆறு மாதக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே அழையுங்கள், கூட ஒருவரை இருக்கச் சொல்லுங்கள்.

மருந்து எழுதிக் கொடுத்தால் பயப்பட வேண்டாம். வழக்கமாகத் தரும் மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரம் ஆகும். 'பத்து நாள் ஆச்சு, ஒண்ணும் தெரியல' என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் தூக்க மாத்திரையை மட்டும் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். அவற்றில் பல, உடனே நிம்மதி தந்து சில வாரங்களில் பழக்கமாகிவிடும் வகையைச் சேர்ந்தவை.

நோட்டை வீட்டில் யாராவது படித்துவிட்டால்?

பலர் எழுதாமல் இருப்பதற்கு இதுதான் நிஜக் காரணம். கூட்டுக் குடும்பத்தில் பூட்டுப் போட்ட இழுப்பறை எல்லோருக்கும் வாய்க்காது. நபர்களின் பெயருக்குப் பதில் எழுத்து போடுங்கள். கவலை நேரம் முடிந்ததும் அன்றைய பக்கத்தில் தேதி, கவலையின் எண்ணிக்கை, அடுத்த அடி ஆகியவற்றை மட்டும் கணக்கு நோட்டின் பின்பக்கத்துக்கு மாற்றிவிட்டு, மூலத்தைக் கிழித்துவிடலாம். பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க, பயந்தது என்ன என்று இரண்டு சொல் குறிப்பு இருந்தால் போதும். போனில் எழுதுவதானால் கடவுச்சொல் போட்ட செயலியில் எழுதுங்கள். தனக்குத்தானே வாட்ஸ்அப் அனுப்பிக்கொள்வது வேண்டாம், எழுதப் போன இடத்தில் குடும்பக் குழுவின் 43 செய்திகள் காத்திருக்கும்.